கான்டஸாவுக்கு ஒரு லட்சம்

பணக்காரக் கார் கிழடானால் விலை குறையும். செலவு குறையாது. பத்து லட்சத்துக்கு விற்ற கார் இருபது வருடம் கழித்து ஐம்பதாயிரத்துக்கு வந்து நிற்கும். வாங்கியவர் மீசையை முறுக்கிக்கொண்டு ஒரு வாரம் ஓட்டுவார். எட்டாவது நாள் பிரேக் மக்கர் பண்ணும். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் சொல்லும் விலை, பத்து லட்ச ரூபாய்க் காரின் பிரேக் விலை. 'நான் ஐம்பதாயிரத்துக்குத்தானே வாங்கினேன்' என்று அவரிடம் பேரம் பேச முடியாது. யானையைச் சும்மா கொடுத்தாலும் தீனிக்கு எங்கே போவது என்று நம் ஊரில் கேட்பது இதற்காகத்தான்.

காரைக்காலில் இருக்கும் என் சித்தப்பாவுக்கு இந்தக் கேள்வி போன வருடம் வந்தது. அவரிடம் இருப்பது ஒரு கான்டஸா. 1995 மாடல், பெட்ரோல் வண்டி. பதிவெண் பி.ஒய். 02 என்று தொடங்கும்.

கான்டஸா என்றால் என்னவென்று கேட்கிற தலைமுறை வந்துவிட்டது. அவர்களுக்காகக் கொஞ்சம் சரித்திரம். அம்பாஸடர் செய்த அதே இந்துஸ்தான் மோட்டார்ஸ், கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாரா தொழிற்சாலையிலிருந்து 1984ல் விற்பனைக்கு விட்ட கார் இது. இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் கம்பெனி எழுபதுகளில் செய்து முடித்துக் கைகழுவிய மாடலின் உடம்பு. அதற்குள்ளே முதலில் வைத்தது அம்பாஸடரின் 1,489 சி.சி. எஞ்சின். பயில்வான் உடம்பில் பள்ளிக்கூடப் பையனின் இதயத்தை வைத்த மாதிரி. மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கும். எண்பதுகளின் பிற்பகுதியில் ஜப்பானின் இசுஸு எஞ்சின் வந்தது. 1.8 லிட்டர், ஐந்து கியர். அப்புறம்தான் வண்டி தன் உருவத்துக்கு ஏற்ற மாதிரி ஓட ஆரம்பித்தது.

அந்தக் காலத்தில் ஆடம்பரம் என்றால் இதுதான். மந்திரிகள், மில் முதலாளிகள், சினிமாவில் வில்லன்கள் எல்லோரும் இதில்தான் வந்து இறங்கினார்கள். பின்சீட்டில் மூன்று பேர் தோள் இடிக்காமல் உட்காரலாம். டிக்கியில் ஒரு சின்னக் குடும்பமே குடித்தனம் பண்ணலாம். பிறகு வெளிநாட்டுக் கம்பெனிகள் நேராகவே இங்கே வந்தன. கான்டஸா 2002ல் நின்றுபோனது. அம்பாஸடர் 2014ல் நின்றது. அம்பாஸடர் என்ற பெயரை மட்டும் 2017ல் பிரான்ஸின் பூஜோ கம்பெனி 80 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது. 'பாத்தியா, கடைசியில பிரெஞ்சுக்காரன்கிட்டதான் போச்சு' என்று அன்றைக்குச் சித்தப்பா போனில் சொன்னார். பிரெஞ்சு ஆட்சியின் கடைசி வருடங்களில் காரைக்காலில் பிறந்தவர். அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் உண்டு. கான்டஸாவின் பெயரும் 2022ல் வேறொரு கம்பெனிக்குக் கைமாறிவிட்டது. பெயரை விற்றுவிட்டார்கள். வண்டிக்கு பாகம் செய்ய மட்டும் யாரும் இல்லை.

காரைக்கால் தமிழ்நாட்டுக்குள் இருக்கும் புதுச்சேரித் துண்டு. சுமார் 160 சதுர கிலோமீட்டர். ஒரு பக்கம் கடல், மற்ற பக்கமெல்லாம் தமிழ்நாடு. 1739 முதல் 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஊரில் ஒரு லாபம், ஒரு நஷ்டம். லாபம் பெட்ரோல். வரி குறைவு என்பதால் பக்கத்து நாகப்பட்டினத்தைவிட லிட்டருக்கு நாலைந்து ரூபாய் மிச்சம். நஷ்டம் காற்று. அரசலாறு கடலில் கலக்கிற ஊர். சாயங்காலம் முகத்துக்கு இதமாக அடிக்கும் அந்தக் காற்றில் உப்பு இருக்கிறது. இரும்பின்மேல் படியும் ஈரத்தில் உப்பு சேர்ந்தால் துருப்பிடிக்கும் வேகம் பல மடங்காகும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால்தான் பெயின்ட் கொப்பளம் கொப்பளமாக எழும்பி உதிர்கிறது. கொப்பளம் வெளியே தெரியும்போது உள்ளே பாதி வேலை முடிந்திருக்கும்.

சித்தப்பா பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கான்டஸாவை வாங்கியது இரண்டாவது கையாக. இருபது வருடத்துக்கு மேல் அவர்தான் ஓட்டினார். வேறு யாரையும் ஸ்டியரிங் தொட விட்டதில்லை. 2023ல் அவருக்குப் பக்கவாதம் வந்தது. நடமாட்டம் திரும்பிவிட்டது, வலது கையில் முழு வலு திரும்பவில்லை. கார் ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வண்டி வீட்டுப் பக்கவாட்டில் நின்றது. வெயில் மழை படக்கூடாதென்று அவரே ஒரு பிளாஸ்டிக் தார்ப்பாய் வாங்கிப் போர்த்திக் கயிறு கட்டச் சொன்னார். பாசத்தோடு செய்ததுதான். ஆனால் கடலோர ஊரில் பிளாஸ்டிக் போர்வை மாதிரி ஒரு எதிரி கிடையாது. உள்ளே போன ஈரம் வெளியே வராது. வண்டி இரண்டு வருடம் ஆவியில் வெந்தது.

போன வருடம் அக்டோபரில் ஆர்.சி. காலாவதியாக இருந்தது. சொந்தக் காருக்குப் பதிவு முதலில் 15 வருடத்துக்குச் செல்லும். அப்புறம் ஐந்தைந்து வருடமாக, வண்டியைக் கொண்டுபோய்க் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2020ல் சித்தப்பா புதுப்பித்தபோது கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரலில் மத்திய அரசு அதை 5,000 ஆக்கியது. 2025 ஆகஸ்ட்டில் இருபது வருடத்தைத் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கியது. இதுவே இறக்குமதிக் காராக இருந்தால் 80,000. தன் கார் உத்தர்பாராவில் பிறந்தது என்பதில் சித்தப்பா முதல் தடவையாகச் சந்தோஷப்பட்டார்.

மூன்று யோசனைகள் வந்தன. பழைய இரும்புக்காரர் வந்து சுற்றிப் பார்த்து, கதவைத் தட்டிப் பார்த்து, 28,000 தருகிறேன் என்றார். சித்தப்பாவின் மகன், என் தம்பி, பாரிஸில் இருக்கிறான். வீடியோ காலில் வந்து, 'அப்பா, பெயின்ட் அடிச்சு, அலாய் வீல் போட்டு, லெதர் சீட் போட்டா வின்டேஜ் கார்ப்பா அது' என்றான். சித்தி அடுப்படியிலிருந்து மூன்றாவது யோசனை சொன்னார். 'அந்தத் தகரத்த வித்துட்டு ஒரு சின்ன கார் வாங்குங்க. இல்ல, வாங்காமயே இருங்க. தகரத்துக்கு ஆயிரக்கணக்குல செலவு, என் முட்டிக்கு மட்டும் தைலம்.'

சித்தப்பா யாருக்கும் பதில் சொல்லவில்லை. மறுநாள் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, ஒரு லட்சம் எடுத்து வச்சிருக்கேன். என் பணம். அதுக்கு மேல ஒரு பைசா கிடையாது. இன்ஷூரன்ஸ், ஆர்.சி. எல்லாம் அதுக்குள்ள. முடியுமான்னு பாரு. முடியலன்னா இரும்புக்காரன வரச் சொல்லிடறேன்."

ஒரு லட்சத்தில் என்ன செய்ய முடியும் என்பதை எங்களுக்குச் சொன்னவர் மெக்கானிக் பாய். காரைக்காலில் முப்பது வருடமாகப் பட்டறை வைத்திருப்பவர். கம்ப்யூட்டர் வைத்துப் பார்க்கும் புது வண்டிகளைத் தொடமாட்டார். தார்ப்பாயை விலக்கிவிட்டு அவர் பெயின்ட்டைப் பார்க்கவில்லை, பானெட்டைத் திறக்கவில்லை. டிரைவர் சீட்டுக்குக் கீழே மேட்டை எடுத்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரால் தரையை ஒரு குத்துக் குத்தினார். அது உள்ளே போய்விட்டது.

"சார், கடல் உங்க வண்டியக் கீழேர்ந்து தின்னுருக்கு."

பிறகு பாக்கெட்டிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து உடம்பு முழுக்க ஒட்டிப் பார்த்தார். ஒட்டினால் தகரம். நழுவினால் உள்ளே பட்டி. முன்பு எப்போதோ ஒரு டிங்கர் கதவின் அடிப்பக்கத்தில் பட்டி வைத்து மழுப்பியிருந்தார். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இந்தக் காந்த வித்தையை மனசில் வைத்துக்கொள்ளலாம். காந்தம் பத்து ரூபாய்தான்.

பாய் எங்களுக்கு ஒரு வரிசை சொன்னார். "மொதல்ல நிக்கணும். அப்புறம் தீப்பிடிக்கக் கூடாது. அப்புறம் கொதிக்கக் கூடாது. அப்புறம் உக்காந்தா கீழ விழக்கூடாது. அதுக்கப்புறம் காசிருந்தா அழகு பாப்போம் சார்." ஆட்டோமொபைல் படித்தவர்கள் எழுதும் புத்தகத்தில்கூட இவ்வளவு தெளிவாக நான் படித்ததில்லை.

நிற்பது என்றால் பிரேக். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். அதனால்தான் வண்டி ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். ஈரம் சேர்ந்த ஆயில் சிலிண்டருக்குள் துருவைக் கொண்டுவரும். பிரேக்கை நிறைய மிதித்துச் சூடேறினால் உள்ளே ஆவிக்குமிழ் கிளம்பும், மிதித்தால் பெடல் தரையைத் தொடும். மாஸ்டர் சிலிண்டர் கிட், வீல் சிலிண்டர்கள், ஹோஸ்கள் எல்லாம் மாற்றியதில் 9,500.

தீப்பிடிப்பது என்றால் பெட்ரோல் லைன். இதில் புதிதாக ஒரு சங்கதி இருக்கிறது. 2025ல் நம் பங்குகளில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் என்றாகிவிட்டது. 2023 ஏப்ரலிலிருந்து வரும் கார்களில் அதைத் தாங்கும் ரப்பரும் உலோகமும் போடுகிறார்கள். 1995 காருக்கு எத்தனாலைத் தெரியாது. பழைய ரப்பர் ஹோஸ் அதில் ஊறி உப்பும், பிறகு வெடிக்கும். எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எத்தனால் தண்ணீரையும் இழுக்கும். நின்றுகொண்டே இருக்கும் வண்டியின் டேங்க்கில் அந்தத் தண்ணீர் அடியில் தங்கித் துருப்பிடிக்க வைக்கும். டேங்க்கைக் கழற்றிக் கழுவி, ஹோஸ் எல்லாம் புதிதாகப் போட்டு, கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்ததில் 7,000.

கொதிப்பது என்றால் ரேடியேட்டர். காரைக்கால் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உப்பு. வீட்டுக் குழாயில் குடம் பிடிக்கிற கையோடு ரேடியேட்டரிலும் ஒரு செம்பு ஊற்றுவது நம் வழக்கம். அந்த உப்பெல்லாம் உள்ளே குழாய்களில் காறையாகப் படிந்துவிடும். பாய் ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பெடுக்கக் கொடுத்தார். வாட்டர் பம்ப் புதிது. இனிமேல் கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும்தான், குழாய்த் தண்ணீர் பக்கம் போகக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். 8,500.

வாட்டர் பம்ப் தேடிச் சென்னைப் புதுப்பேட்டைக்குப் போனது நான். கான்டஸா என்றதும் கடைக்காரர் தலையை ஆட்டினார். அம்பாஸடர் 1800 என்றதும் எழுந்து உள்ளே போனார். தொண்ணூறுகளில் அம்பாஸடருக்கும் அதே 1.8 லிட்டர் இசுஸு எஞ்சினை வைத்தார்கள். அதனால் கான்டஸாவின் எஞ்சின் சாமான்கள் அம்பாஸடரின் பெயரில் இன்னும் கிடைக்கின்றன. பணக்கார அண்ணன் கெட்டுப்போனபோது ஏழைத் தம்பி சோறு போடுகிறான். ஆனால் கண்ணாடி, விளக்கு, குரோம் பட்டை இதெல்லாம் கான்டஸாவுக்கென்று தனியாகச் செய்தவை. கொல்கத்தா மல்லிக் பஜார் வரைக்கும் ஆள் வைத்துத் தேடினால் கிடைக்கலாம், விலை அவர்கள் வைத்ததுதான். எங்கள் வண்டியின் பின்விளக்குக் கண்ணாடி உடைந்திருந்தது. நம்பர் பிளேட் செய்யும் கடைக்காரர் சிவப்பு அக்ரிலிக் ஷீட்டை வெட்டி ஒட்டிக் கொடுத்தார். வயரிங்கோடு சேர்த்து 6,000 ஆனது.

உட்கார்ந்தால் கீழே விழக்கூடாது என்பதுதான் பெரிய செலவு. அழுகிய தரையை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து, ரெட் ஆக்ஸைடு அடித்து, அடியில் கறுப்புப் பூச்சுப் பூசி 14,000. 'பட்டி வச்சு மூடிடலாம் சார், ஐயாயிரத்துல முடிச்சிடறேன்' என்று ஒரு டிங்கர் சொன்னார். சித்தப்பா யோசித்தார். ஒன்பதாயிரம் மிச்சம் என்பது சின்னத் தொகை இல்லை. 'சீட் பெல்ட் எதுல மாட்டிருக்கு?' என்று பாயிடம் கேட்டார். அந்தத் தரையில்தான். அத்தோடு பேச்சு முடிந்தது.

டயர் நான்கு 16,000. பழைய டயரில் பட்டன் நன்றாகவே இருந்தது. ஆனால் டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். எங்களுடையதில் 2314. அதாவது 2014ம் வருடம் 23வது வாரம். பதினோரு வருட ரப்பரை நம்பி நான்குவழிச் சாலையில் போகக் கூடாது. பேட்டரி 5,500. பாயின் கூலி 12,000. அவர் பத்துதான் கேட்டார், சித்தப்பா பன்னிரண்டு கொடுத்தார். பட்ஜெட்டில் அவர் தாராளமாக இருந்த ஒரே இடம் அது.

ஏ.சி. பழுது பார்க்க 35,000 கேட்டார்கள். வேண்டாம். பெயின்ட் முழுசாக அடிக்க 60,000. வேண்டாம். மியூசிக் சிஸ்டம், சீட் கவர், குரோம் முலாம் எல்லாம் வேண்டாம். ஒவ்வொன்றாக நான் படிக்கப் படிக்க, சித்தப்பா இடது கையால் பேனா பிடித்து அடித்துக்கொண்டே வந்தார். தினமும் காலையில் ஷாமி துணியால் துடைத்துக் கண்ணாடி மாதிரி வைத்திருந்த மனுஷர். இப்போது கதவுக்கடியில் செங்கல் நிறத்தில் ரெட் ஆக்ஸைடு திட்டுத்திட்டாகத் தெரிகிறது. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. 'கதவுக்கு மட்டுமாவது பெயின்ட் அடிச்சிரலாம் சித்தப்பா, நான் தரேன்' என்றேன். 'ஒரு லட்சம்னா ஒரு லட்சம்' என்று சொல்லிவிட்டார்.

அடுத்த வீடியோ காலில் தம்பி மறுபடி வின்டேஜ் என்று ஆரம்பித்தான். நான் விதியை எடுத்துச் சொன்னேன். 2021ல் வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் ஆன வண்டிதான் வின்டேஜ். அதற்கென்று வி.ஏ. என்ற எழுத்துகளோடு தனி நம்பர் தருவார்கள். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் எடுத்துப் போகலாமே தவிர, தினசரி ஓட்டக் கூடாது. 'நம்ம வண்டி வின்டேஜ் ஆகறதுக்கு 2045 ஆகும்டா' என்றேன். சித்தப்பா பக்கத்திலிருந்து, 'அப்ப எனக்குத் தொண்ணூத்தாறு. ரெண்டு பேரையும் சேத்துக் கண்காட்சியில வைப்பாங்க' என்றார். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் ஜோக் அடித்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

சித்திக்கு மட்டும் சமாதானம் ஆகவில்லை. அவர் சும்மா கோபப்படுகிறவர் இல்லை, கணக்குப் பார்க்கிறவர். சித்தப்பாவை மாதத்துக்கு ஒரு தடவை புதுச்சேரிக்குச் செக்கப்புக்குக் கூட்டிப்போக வேண்டும். சீர்காழி, சிதம்பரம், கடலூர் வழியாகச் சுமார் 130 கிலோமீட்டர். வாடகை டாக்ஸிக்குப் போய்வர 5,000. கான்டஸா லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர் கொடுத்தால் பெட்ரோல் 2,800. டிரைவர் 800. மிச்சம் 1,400. ஒரு லட்சம் திரும்ப வருவதற்கு 71 மாதம், அதாவது ஏறக்குறைய ஆறு வருடம். அதற்குள் மறுபடி ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், நடுவில் எதுவும் பழுதாகக் கூடாது. 'ஒத்துவருதா சொல்லு' என்று என்னிடம் கேட்டார்.

ஒத்துவரவில்லை. நான் இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். பழைய ஆடம்பரக் காரைப் பழுது பார்த்து வைத்துக்கொள்வது சிக்கனம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். புதுக் கார் வாங்குகிறவரோடு ஒப்பிட்டால் சிக்கனம். வாங்காமலே இருப்பவரோடு ஒப்பிட்டால் வீண். அரசாங்கமும் அப்படித்தான் பார்க்கிறது. தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் கட்டப் போனால், 1,500 சி.சி.க்கு மேலே என்பதால் 7,897 ரூபாய், ஜி.எஸ்.டி. சேர்த்து 9,318. இன்றைய பெரிய எஸ்.யு.வி.க்களுக்கும் இதே தொகைதான். இரும்புக்காரர் 28,000 மதிப்புப் போட்ட வண்டி இன்ஷூரன்ஸ் தாளில் மட்டும் இன்னும் ராஜாவாக இருக்கிறது.

அப்படியானால் எதற்கு? இதைச் சித்தப்பாவிடமே ஒரு சாயங்காலம் கேட்டேன். உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, நோயாளியாகப் போனதிலிருந்து எல்லாவற்றையும் மற்றவர்கள் முடிவு செய்கிறார்கள் என்றார். என்ன சாப்பிட வேண்டும், எப்போது தூங்க வேண்டும், யார் கையைப் பிடித்துப் படியிறங்க வேண்டும், எந்த வண்டியில் எப்போது கிளம்ப வேண்டும். எல்லோரும் நல்லதுக்குத்தான் செய்கிறார்கள், அதனால் கோபப்படவும் முடியாது. "இந்த ஒரு விஷயம் நானா முடிவு பண்ணணும்னு நெனச்சேன் தம்பி. வச்சுக்கறதா, எடைக்குப் போடறதா, எவ்வளவு செலவு பண்றது, எதோட நிறுத்தறது. அதுக்குத்தான் ஒரு லட்சம். காருக்கு இல்ல."

இதைச் சொல்லும்போது சித்தி வாசல்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. ஆனால் அன்றைக்கப்புறம் தகரம் என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. வண்டி என்றுதான் சொன்னார்.

அக்டோபர் முதல் வாரத்தில் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டினோம். பக்கத்துத் தெருப் பையன் ஓட்டினான். சித்தப்பா முன்சீட்டில் இடதுபக்கம் உட்கார்ந்து, அவன் கியர் மாற்றும்போதெல்லாம் தன் காலை அழுத்திக்கொண்டு வந்தார். ஆய்வாளர் விளக்கு, ஹாரன், பிரேக், சேசிஸ் நம்பர் எல்லாம் பார்த்தார். குனிந்து அடியில் டார்ச் அடித்தார். வெல்டிங் செய்த இடத்தில் கொஞ்ச நேரம் நிறுத்திப் பார்த்தார். கதவிலிருந்த ரெட் ஆக்ஸைடு திட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. 2030 அக்டோபர் வரைக்கும் செல்லும் என்று கையெழுத்தானது.

"அதோட சரி" என்றார் சித்தப்பா வெளியே வந்ததும். "முப்பதுல இதக் கொண்டுபோய் எடைக்குப் போட்டுருவேன். அப்ப யாரும் வந்து பாவம், வச்சுக்கலாம்னு சொல்லக் கூடாது."

அந்த மாதச் செக்கப்புக்குக் கான்டஸாவிலேயே போனோம். ஏ.சி. இல்லை, கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் போனோம். சித்தி பின்சீட்டில் எனக்குப் பக்கத்தில். டாக்ஸியில் போகும்போது சிதம்பரத்தில் ஒரு தடவை, கடலூரில் ஒரு தடவை நிறுத்தச் சொல்லி, முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கி நடப்பார். கான்டஸாவில் சீர்காழி தாண்டியதும் கால் இரண்டையும் நீட்டிக்கொண்டார். அப்படியே தூங்கிப்போனார். புதுச்சேரி வரும்வரைக்கும் வண்டியை எங்கேயும் நிறுத்தச் சொல்லவில்லை. 1984ல் ஆடம்பரம் என்று விற்றதில் இந்த இடம் ஒன்றுதான் பழுதாகாமல் பாக்கி இருக்கிறது. இதற்கு ஸ்பேர் பார்ட்ஸும் தேவைப்படவில்லை.

கணக்கைச் சித்தப்பாவிடம் ஒப்படைத்தேன். ஆர்.சி. கட்டணம் 10,000 சேர்த்து மொத்தம் 97,818. மிச்சம் 2,182 ரூபாய். தம்பி அதில் பானெட்டுக்கு ஒரு சின்னம் வாங்கி ஒட்டச் சொன்னான். பாய் ஸ்டெப்னிக்கு ஒரு ட்யூப் என்றார். சித்தப்பா பணத்தை எண்ணி சித்தியிடம் கொடுத்தார்.

அடுத்த தடவை நான் போனபோது, வண்டியின் முன்சீட், பின்சீட் இரண்டிலும் வெள்ளை வெளேரென்று டர்க்கி டவல் விரித்திருந்தது. அந்தக் கால மந்திரிகளின் காரில் இருக்குமே, அதே மாதிரி. சித்தி தானே கடைக்குப் போய் வாங்கி, ஓரம் மடித்துத் தைத்து, நாடா வைத்துக் கட்டியிருந்தார். கிட்டே போய்ப் பார்த்தேன். 'காலைத் தொடச்சிட்டு ஏறுடா' என்றார்.